லீவுக்கு வந்தவள்

சவுதியிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டேன் என்று ஊரில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். ஒருவரும் நம்பவில்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார்கள், "நல்லது நல்லது" என்பார்கள், அடுத்த மூச்சில் "எப்பம் போறிய?" என்பார்கள்.

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்தால் கேட்பதற்கென்று இரண்டே கேள்விதான். எப்பம் வந்திய? எப்பம் போறிய? முதல் கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது வந்து நிற்கும். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வீட்டுக்கொரு ஆள் குவைத்திலும் மஸ்கட்டிலும் கிடக்கிற ஊரில் அதுதான் நலம் விசாரிப்பு. லீவுக்கு வரும்போதெல்லாம் நானும் சிரித்துக்கொண்டே தேதி சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்லத் தேதி இல்லை. "இனி போகல்ல" என்றால், வேலை போய்விட்டதோ, உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதோ என்று என் முகத்தில் தேடுகிறார்கள்.

சர்ச்சில் நடந்தது இன்னும் வேடிக்கை. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தேன். ஒரேயடியாக வந்துவிட்டேன் என்று சபைச் செயலாளரிடம் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியும் இருந்தேன். அவர் மைக்கைப் பிடித்து, "தம்மாமிலிருந்து விடுமுறையில் வந்திருக்கும் சகோதரி ஜெபகனி" என்று வாசித்தார். ஆராதனை முடிந்து பிடித்துக் கேட்டால், "வாயில வந்துட்டு அக்கா, வருஷா வருஷம் வாசிக்கதுல்லா" என்கிறார். அவரை என்ன செய்வது?

ஊரை விடுங்கள். என் சொந்த வீடும் நம்பவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

நான் நர்ஸ். நெய்யூரில் படித்துவிட்டு, மகள் பிரீனாவுக்குப் பால்பல் விழுந்து முளைக்கிற வயதில் விமானம் ஏறினேன். அவள் கல்லூரி முடித்துவிட்டுச் சும்மா இருக்கிற நேரத்தில் திரும்பி வந்திருக்கிறேன். வீட்டுக்காரர் ஜெபதாஸுக்குத் தக்கலையில் பெயிண்ட் கடை. அப்பாவும் மகளுமாக இத்தனை வருடம் வீட்டை ஓட்டினார்கள், நன்றாகவே ஓட்டினார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வார்டில் டாக்டர்களே என்னிடம் பார்த்துத்தான் பேசுவார்கள். ஆனால் இந்த இரண்டு பேரிடம் கோபப்படுவதற்கு ஒரு காரணம்கூட எனக்குக் கிடைக்காமல் போனது. அதுதான் கஷ்டமே.

வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் வருவேன். அந்த மாதத்துக்கென்று வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஷோகேஸில் இருக்கும் கண்ணாடித் தம்ளர்கள் கீழே இறங்கும். மயில் போட்ட பெட்ஷீட் அந்துருண்டை வாசத்தோடு வெளியே வரும். தினமும் விலை கூடிய நெய்மீன். யாரும் என்னிடம் கெட்ட செய்தி சொல்லக்கூடாது, முகம் சுளிக்கக்கூடாது, என் கையில் துடைப்பத்தைக் கொடுக்கக்கூடாது. சண்டை ஏதாவது பாக்கி இருந்தால் நான் விமானம் ஏறிய பிறகு போட்டுக்கொள்வார்கள். அன்றைக்கு எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. போகப்போகிறவள்தானே, நாலு நாள் ராணியாக இருந்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன்.

இந்த முறையும் ஒரு மாதம் முடிந்தது. சட்டம் மட்டும் முடியவில்லை.

துடைப்பத்தைத் தொட்டால் வீட்டுக்காரர் வந்து பிடுங்குவார். "ஏட்டி, நீ இரி. அங்க நின்னு நின்னு காலெல்லாம் நரம்பு சுருண்டு கெடக்கு" என்பார். அடுக்களைக்குள் போனால் பிரீனா, "நீங்க போய் இரிங்கம்மா, நான் செய்யேன்" என்பாள். ஒருநாள் ரசத்தில் உப்பு குறைவு என்று சொல்லிவிட்டேன். ஓட்டல் சர்வர்போல ஓடிவந்து தம்ளரை எடுத்துக்கொண்டு போய், "ஸாரிம்மா" என்று வேறு கொண்டுவந்து வைத்தாள். அந்த ஸாரியைக் கேட்டதும் ரசம் இறங்கவில்லை.

ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் ஃபிரிட்ஜில் இருந்த டப்பாக்களுக்கெல்லாம் காலாவதித் தேதி எழுதி ஸ்டிக்கர் ஒட்டினேன். துவையல் டப்பாவில் ஒட்டிய ஒன்று வீட்டுக்காரரின் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு தக்கலை வரைக்கும் போய்விட்டது. அன்றைக்கு முழுவதும் கடைக்கு வந்தவர்கள் அவருக்கு எப்போது காலாவதி என்று வாசித்துச் சிரித்திருக்கிறார்கள். மகள் ஒட்டியிருந்தால் அவளைத் தொலைத்திருப்பார். சாயங்காலம் வந்து ஸ்டிக்கரை மெதுவாக உரித்து மேசையில் வைத்தார், புன்னகைத்தார், குளிக்கப் போய்விட்டார். எனக்குத்தான் அழுகை வந்தது.

அதே மனிதரிடம் மகள் போடுகிற சண்டையைக் கேட்க வேண்டும். பைக் சாவி எங்கே, மோட்டாரை அணைத்தது யார், காய்ந்த துணியை மழையில் விட்டது யார் என்று காலையில் ஆரம்பித்தால் கதவுகள் இடிபடும். நான் அறையிலிருந்து எட்டிப் பார்த்தால் போதும், இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். பிறகு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அந்தச் சண்டைக்குள் ஒரு இடம் கிடைக்காதா என்று நான் ஏங்கினேன். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். ஆனால் வீடு என்பது அதுதானே. நம்மிடம் கோபப்படலாம், நாளைக்கும் நாம் இங்கேதான் இருப்போம் என்று நம்புகிற இடம். என்னிடம் ஒருவரும் கோபப்படவில்லை. என் மேல் அவர்களுக்கு அன்பு இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அன்பு நிறைய இருந்தது. விருந்தாளிக்குப் பரிமாறுகிற அன்பாக இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் எனக்கு மேசையில் சோறும் நெய்மீன் பொரித்ததும் வைத்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அடுக்களையிலிருந்து புளிமுளம் வாசம் வந்தது. சாளைப் புளிமுளம், விலை மலிந்த மத்தி மீனில் வைக்கிறது. மண்சட்டியில் மிளகும் புளியும் சுண்டச் சுண்ட வற்றவைத்தால் வருகிற அந்த வாசத்துக்கு தம்மாமில் நான் எத்தனை மாலைகள் ஏங்கியிருக்கிறேன் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். தண்ணீர் எடுக்கிற சாக்கில் உள்ளே போனேன். அப்பாவும் மகளும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நடுவில் கறுத்த மீன்சட்டியை வைத்துக்கொண்டு மரச்சீனிக் கிழங்கைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் திருடி மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி எழுந்துவிட்டார்கள்.

"இது வெறும் சாளைம்மா. உங்களுக்கு முள்ளு கஷ்டமாட்டு இருக்கும்" என்றாள் பிரீனா.

எனக்கும் இரண்டு வை என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. ரோஷம். தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து மயில் பெட்ஷீட்டில் படுத்து அழுதேன். சாளைக்காக ஒருத்தி அழுவாளா என்றால், அழுதேன்.

மறுநாள் டியூட்டிப் பழக்கத்தில் விடியும்போதே முழிப்பு வந்துவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் தூக்கம். இன்றைக்கு யாரும் வந்து பிடுங்குவதற்கு முன்னால் இந்த வீட்டில் ஒரு வேலையாவது செய்து முடித்துவிட வேண்டும் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுக்களைக்குள் இறங்கினேன்.

மேடையில் மீன்சட்டி இருந்தது. மூடியைத் திறந்தால் நேற்றைய குழம்பு பாதிக்குமேல் அப்படியே இருக்கிறது. ராத்திரி முழுவதும் ஃபிரிட்ஜுக்கு வெளியே. என்னுள் இருந்த வார்டு நர்ஸ் எழுந்துவிட்டாள். யோசிக்கவே இல்லை. பின்வாசல் வாழைமரத்து மூட்டில் குழம்பைக் கொட்டினேன். சட்டியில் சோப்பை நன்றாக விட்டு, கம்பி நார் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். பிசுக்கெல்லாம் போய், கறுப்பு போய், அடியில் செம்மண் நிறம் தெரிந்தது. கொதிக்கிற வெந்நீரில் ஒரு கழுவு, பிறகு இன்னொரு கழுவு. வெயில் விழுகிற துவைகல்லின் மேல் கவிழ்த்துவைத்துவிட்டுப் பார்த்தேன். மனதுக்கு அவ்வளவு நிறைவு.

பிரீனா எழுந்து வந்து அடுப்புப் பக்கம் தேடினாள். மேடைக்குக் கீழே தேடினாள்.

"மீஞ்சட்டி எங்க?"

பெருமையோடு துவைகல்லைக் காட்டினேன். அவள் போய் சட்டியைத் தூக்கி மூக்கருகில் கொண்டுபோனாள். எலுமிச்சை சோப்பு வாசம். அவள் முகம் மாறியது.

"சோப்பு போட்டியா?"

ராத்திரி முழுவதும் வெளியே இருந்த கறி, கெட்டுப்போயிருக்கும் என்று ஏதோ சொன்னேன்.

"புளிமுளம் கெடுமா? இன்னைக்கும் திங்கதுக்குத்தான நேத்தே கூடுதலா வெச்சேன்! எங்க அது?"

வாழை மூட்டைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அங்கே காக்கை ஒன்று பந்தியில் உட்கார்ந்திருந்தது.

"எத்தன வருஷமா பழகின சட்டி தெரியுமா? இனி இதுல என்ன வெச்சாலும் சோப்புதான் நாறும். மீஞ்சட்டில சோப்பு போடக்கூடாதுன்னு எனக்குச் சொல்லித் தந்தது ஆரு? நீதான!"

நான்தான். அவள் அதைச் சொன்னதும் எல்லாம் கண்முன் வந்தது. அவள் ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படித்த காலம். அப்பா வைக்கிற மீன்குழம்பைத் தின்ன முடியவில்லை என்று போனில் அழுதாள். ஆஸ்பத்திரி பேன்ட்ரியில், டீ குடிக்கக் கிடைக்கிற இடைவேளையில், யூனிஃபார்மோடு சுவரில் சாய்ந்து நின்றபடி வீடியோவில் சொல்லிக்கொடுத்தேன். இங்கே ஜெபதாஸ் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அவள் அடுப்புக்கு முன்னால் நிற்பாள். தக்கலைச் சந்தையில் புதுச் சட்டி வாங்கச் சொன்னேன். கஞ்சித்தண்ணி ஊற்றி மெல்லிய தீயில் கொதிக்கவைக்கவும், ஆறியதும் தேங்காயெண்ணெய் தடவவும், அப்படியே சில நாள் செய்து சட்டியைப் பழக்கவும் சொன்னேன். உயிரே போனாலும் சோப்பு போடாதே மக்கா என்றும் சொன்னேன். அந்தக் குழந்தை அதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது. சொல்லிக்கொடுத்த என் கைக்குத்தான் மறந்துபோயிருக்கிறது.

ஆனால் தப்பு என் பக்கம் என்று தெரிந்தால் எனக்குக் கோபம் இரண்டு மடங்காக வரும். அது என் பிறவிக்குணம்.

"பின்ன என்ன செய்ய? இந்த வீட்டுல ஒரு தம்ளரு கழுவ என்னை விட்டியளா? லீவுக்கு வந்தவள மாதிரி இரி, இரின்னு உக்காத்தி வெச்சா நான் என்னதான் செய்ய?" என்றேன்.

பிரீனா சட்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கும் என் மூக்குதான்.

"லீவுக்கு வந்த மாதிரி இருக்கது ஆரு, நாங்களா? போய் உன் பெட்டியப் பாரு. கட்டிலுக்கடியில வாயத் தொறந்து கெடக்கு. வந்ததுல இருந்து ஒரு துணி அலமாரிக்குப் போச்சா? தெனமும் அதுல இருந்து எடுத்து உடுக்க, தொவைச்சு மடிச்சு அதுக்குள்ளயே வைக்க. நான் தெனமும் வீடு பெருக்கும்போ பாக்கேன். இன்னைக்குப் போயிருவாளா, நாளைக்குப் போயிருவாளான்னு தோணும்." அவள் குரல் உடைந்தது. "நீ வரதுக்கு முந்தியே அலமாரில ரெண்டு தட்டு உனக்குன்னு ஒழிச்சு வெச்சேன். நீ அதத் தொறந்துகூட பாக்கல்ல."

ஜெபதாஸ் பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு வாசலில் வந்து நின்றார். வாயில் நுரை. எப்போதும்போல இரண்டு பேரையும் சமாதானப்படுத்த வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

பெட்டியை நான் கவனித்ததே இல்லை, அதுதான் உண்மை. லீவுக்கு வரும்போதெல்லாம் பெட்டியிலிருந்துதான் எடுத்து உடுத்துவேன். ஒரு மாதத்துக்கு எதற்கு அலமாரி என்று இருப்பேன். அந்தக் கையே இப்போதும் பெட்டிக்குள் போய்வந்திருக்கிறது. வீடு என்னை நம்பவில்லை என்று நான் முறைத்துக்கொண்டு திரிந்தேன். இந்தப் பிள்ளை அந்த வாய் திறந்த பெட்டியைப் பார்த்துப் பார்த்து, அம்மா போய்விடுவாள் என்று பயந்துகொண்டு எனக்கு நெய்மீன் பொரித்துப் போட்டிருக்கிறாள்.

என்னிடம் கத்திவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஸாரிம்மா" என்றாள்.

"ஸாரி சொல்லாத மக்கா" என்றேன். "இன்னும் எதாவது பாக்கி இருந்தா அதையும் ஏசு."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. என் வீட்டில் என்னைத் திட்டுவதற்கு ஒரு ஆள் இருக்கிறது. நாளைக்கும் நான் இங்கே இருப்பேன் என்கிற எண்ணம் எங்கேயோ ஓரத்தில் இருந்தால்தானே இப்படித் திட்ட முடியும்? கர்த்தாவே, உமக்கு ஸ்தோத்திரம் என்று மனதுக்குள் சொன்னேன். அன்றைக்கு சர்ச்சில் கவரில் போட்டு வைத்தபோது சொன்னதைவிட இப்போது மனதாரச் சொன்னேன்.

வீட்டுக்காரர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, சட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கனி, இதுல இனி ஆப்பரேஷன்தான் செய்யலாம்" என்றார். பிரீனா சிரித்துவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த ஸ்டிக்கரையும் நீ இனி ஒட்டப்படாது, கேட்டியா? கடையில என் மானம் போச்சு" என்றார். அவரும் பாக்கி வைத்திருந்திருக்கிறார். அதுவும் வந்துசேர்ந்தது.

அலமாரியைப் போய்த் திறந்தேன். நடுவில் இரண்டு தட்டு காலியாக இருந்தது. புதிதாக நியூஸ்பேப்பர் விரித்து, மூலையில் ஒரு அந்துருண்டை போட்டிருந்தாள். கைக்கு எட்டுகிற உயரம், வீட்டிலேயே நல்ல தட்டுகள். அவளுடைய துணியெல்லாம் கீழ்த்தட்டில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தது. நான் தரையில் உட்கார்ந்து பெட்டியை இழுத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அவள் அடுக்கினாள். நைட்டிகள், சேலைகள், இனி எதற்கும் உதவாத யூனிஃபார்ம் இரண்டு. யூனிஃபார்மைத் தூரப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லி அதையும் மடித்து வைத்துக்கொண்டாள். சமையல் சொல்லித்தந்த சட்டை என்றாள்.

பெட்டி காலியானதும் அவள் வேறொரு வேலை செய்தாள். என் கட்டிலில் இருந்த மயில் பெட்ஷீட்டை உருவி மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். ஷோகேஸ் தம்ளர்களைக் காகிதத்தில் சுற்றி அதன் மேல் அடுக்கினாள். "ஆராவது லீவுக்கு வந்தா எடுக்கலாம்" என்று சொல்லி மூடினாள். ஜெபதாஸ் ஸ்டூல் போட்டு ஏறி அதைப் பரணில் தள்ளினார். கட்டிலுக்குப் பழைய, கோடு போட்ட, வெளுத்த பெட்ஷீட் ஒன்று வந்தது. அதில் உட்கார்ந்து பார்த்தேன். நல்ல மெத்தென்று இருந்தது.

அப்போது வெளியே ஸ்கூட்டர் ஹாரன் கேட்டது. வியாகுலமேரி. கடியப்பட்டணத்திலிருந்து மீன்பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு வருகிறவள். வழக்கமாக மீன் வாங்கப் போவது பிரீனாதான். அன்றைக்கு அவள் அடுக்களையிலிருந்து ஒரு அலுமினியச் சட்டியை என் கையில் திணித்து, "நீ போ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஒரு "நீ"யைக் கையில் வாங்கிக்கொண்டு போகிறமாதிரி நான் வாசல் கேட்டுக்குப் போனேன்.

வியாகுலமேரி என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தாள். நலம் விசாரித்தாள். தம்மாமில் சூடு எப்படி என்று கேட்டாள். பிறகு நான் எதிர்பார்த்தது வந்தது.

"நர்சம்மா, எப்பம் போறிய?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுக்களை ஜன்னலிலிருந்து பிரீனாவின் குரல் வந்தது. கோபம் இன்னும் முழுதாகத் தணியாத குரல்.

"அவ எங்கயும் போவல்ல. என் மீஞ்சட்டிய நாசமாக்கிப் போட்டிருக்கா. சந்தையில புதுச்சட்டி வாங்கி, பழக்கித் தரட்டும் மொதல்ல."

வியாகுலமேரி ஜன்னலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என் கண்ணில் நீர் நிற்பதைப் பார்த்து, மகள் இப்படிப் பேசிவிட்டாளே என்று எனக்காகச் சங்கடப்பட்டிருக்க வேண்டும். பேச்சை மாற்றுவதற்காகப் பெட்டியின் மூடியைத் திறந்தாள். ஐஸுக்கு நடுவில் பெரிய நெய்மீன் ஒன்று கிடந்தது.

"உங்களுக்குன்னு கொண்டுவந்தேன். முறிக்கட்டா?" என்றாள்.

"வேண்டாம் பிள்ளே" என்று அலுமினியச் சட்டியை நீட்டினேன். "சாளை போதும்."